வாங்குகிறவருக்கும் கணக்குக் காட்ட வேண்டும்

1996ஆம் ஆண்டு, கிளாலிக் கடல்நீரேரி தாண்டி வன்னிக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சனம் மல்லாவியிலும் அக்கராயனிலும் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஓர் உரப்பையும் ஒரு கொப்பியும் தந்து வீடு வீடாக அனுப்பினார். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பெரும்பாடு. ஆனாலும் பிடியரிசியோ ஒரு தேங்காயோ தராமல் எங்களை அனுப்பிய வீடு நினைவில் இல்லை. யார் என்ன தந்தார்கள் என்று கொப்பியில் எழுத வேண்டும். பகிர்ந்து முடிந்த பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், "உங்கடை அரிசி இன்ன இடத்துக்குப் போனது" என்று சொல்லவும் வேண்டும். ரீச்சர் அதில் கண்டிப்பு.

நிவாரண வேலையில் எனக்கு ஆசை வந்தது அப்படித்தான். போர்நிறுத்தக் காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி அடித்தபோது, லொறி லொறியாகப் பழைய உடுப்பு வந்து குவிந்தது. அதைத் தரம் பிரிக்கவே தனியாக ஆட்கள் வேண்டியிருந்தது. அதே முகாம்களில் பெண்களுக்கு உள்ளாடை இல்லை, மாதவிடாய்த் துணி இல்லை, மறைவாகக் குளிக்க ஓர் இடம் இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. உள்ளூர்ப் பணியாளர்களில் பெரும்பாலானோர் உள்ளே நின்றோம். சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தோம். 2009இல் மூன்று இலட்சத்தை நெருங்கிய மக்கள் முகாம்களில் இருந்தார்கள். செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்கு உள்ளே நானும் ஒருத்தி.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்று மனிதாபிமானப் பணியில் ஓர் அளவு உண்டு. பயிற்சிகளில் அதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்து நின்றபோது, அந்த அளவுக்குள் அடங்காத எல்லாம் தெரிந்தன: கைக்குழந்தைக்காரி எங்கே நிற்பாள், தள்ளுப்பட்டால் வயது போனவர் என்ன செய்வார், இருட்டிய பிறகு தண்ணீர் வந்தால் குமர்ப்பிள்ளையை அனுப்பலாமா? படிவங்களோடு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். யார் இறந்தது, யார் காணாமல் போனது, பிள்ளைகள் எத்தனை பேர். ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொன்னோம். "உங்கள் பெயர் பட்டியலில் சேரவில்லை, காரணம் இதுதான்" என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு.

தந்தவருக்குக் கணக்குக் காட்டச் சின்ன வயதிலேயே பழகியிருந்தேன். வாங்குகிறவருக்கும் அதே கணக்கு வேண்டும் என்பது அந்த முகாமில்தான் உறைத்தது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வேலை செய்த கிராமங்களில், யாருக்கு எந்த அடிப்படையில் உதவி என்பதைப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டினோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக் கூட்டத்தில் வாசித்தோம். சண்டை வரும், சத்தம் வரும். வரட்டும். பட்டியலை அலுமாரிக்குள் பூட்டி வைப்பதால் வரும் மனக்கசப்பு இதைவிடப் பல மடங்கு பெரியது.

இப்போது என் கவலையெல்லாம், வறிய குடும்பங்களைப் படம் பிடித்து உதவி கேட்டு இணையத்தில் போடும் உதவி வீடியோக்களைப் பற்றியது. வெளிநாட்டு உறவுகள் மனமிரங்கி அனுப்பும் காசை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். அதனால் எழுந்து நின்ற குடும்பங்கள் வன்னியில் ஏராளம். ஆனால் அந்த வீடியோக்களைப் பாருங்கள். தாய் அழுகிறாள். கமரா வெறும் அடுப்பங்கரைக்குப் போகிறது, பூட்டில்லாத கதவுக்குப் போகிறது, பிறகு பள்ளிச் சீருடையில் நிற்கும் மகளின் முகத்தில் நிற்கிறது. இந்த வீட்டில் ஆண் துணை இல்லை, கதவு இப்படி, பிள்ளை இவள், ஊர் இது என்று உலகத்துக்கே அறிவிக்கிறோம். காசு முடிந்த பிறகும் வீடியோ இருக்கும். வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்ததால் பள்ளிக்கூடம் போக மறுத்த பிள்ளைகளோடு நான் பேசியிருக்கிறேன். "சம்மதம் வாங்கித்தான் எடுத்தோம்" என்பார்கள். அரிசி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்?

உதவி அனுப்புகிறவர்களே, உங்கள் காசு போய்ச் சேர்ந்ததா என்று அறியும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு. கடைப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், வாங்கிய பொருளின் படத்தைக் கேளுங்கள், அதிபரிடமிருந்தோ கிராம அலுவலரிடமிருந்தோ ஒரு கடிதம் கேளுங்கள். முகம் வேண்டாம்.

வெள்ள நேரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, முதல் நாட்களில் சோற்றுப் பார்சல்கள் மிஞ்சின. தண்ணீர் வற்றி வீடு திரும்பியவர்களுக்குக் கிணறு இறைக்கவும், பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கவும், விதைநெல்லுக்கும் காசு வேண்டியிருந்தது. அப்போது வந்த லொறிகள் கொஞ்சம்தான். சேர்க்கும் காசில் பாதியை அந்த நாட்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

உதவி என்ற பெயரில் ஒரு பிள்ளையை யாராவது தொந்தரவு செய்தாலோ, அப்படிச் சந்தேகம் வந்தாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அயலவர், ஆசிரியர் என்று யாரும் அழைக்கலாம்.