செமஃபோர்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

ஜாவா புரோகிராமிங்ல மல்டி திரெடிங் (ஒரே புரோகிராம்ல பல வேலைங்கள, அதாவது திரெட்டுங்கள, ஒரே சமயத்துல ஓட்டுறது) படிக்கிறவங்க லாக் (ஒரு சமயத்துல ஒரு திரெட்ட மட்டும் உள்ள விடுற பூட்டு) வரைக்கும் சுலபமா வந்துடுவாங்க, செமஃபோர்னு வந்ததும்தான் இதுவும் ஒரு லாக்தானேன்னு குழப்பம் ஆரம்பிக்கும். லாக் இல்லங்க. பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தாலே அது தெரியும்.

கிரேக்கத்துல சேமான்னா அடையாளம், ஃபோரோஸ்னா தாங்குறது. 1800களோட தொடக்கத்துல பிரான்ஸ் கடற்கரையில கம்பம் நட்டு, அதுல கை மாதிரி பலகைங்கள மாட்டி, அத அசைச்சு சேதி அனுப்பினாங்க, அதுக்கு வச்ச பேரு இது. 1840கள்ல இங்கிலாந்து ரயில் சிக்னலுக்கு வந்துச்சு. 1960களோட ஆரம்பத்துல நெதர்லாந்து கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா இத கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தாரு, டச்சுல அவர் எழுதின குறிப்புல சைன்பால்னு போட்டிருப்பாரு, அதாவது சிக்னல் கம்பம்.

அந்தக் கம்பத்துக்குத் தமிழ்ல எப்பவோ பேரு இருக்கே, கைகாட்டி! கை படுக்கையா நீட்டியிருந்தா வண்டி நிக்கணும், பழைய கம்பத்துல சரிஞ்சு இறங்கினா போலாம், ஸ்டேஷன் பக்கத்துல வளந்தவங்க கைகாட்டி இறங்கிடுச்சு, வண்டி வருதுன்னுதான் சொல்லுவாங்க. அதனால புதுசா ஒரு சொல்ல உருவாக்க வேண்டியதே இல்ல. பூட்டுன்னு மட்டும் எழுதாதீங்க, அது லாக்குக்கு உரியது.

ஏன்னா பூட்டுக்கு ஓனர் உண்டு. சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள்ள (ஜாவால பூட்டு போட்ட கோட் பகுதி) போன திரெட்தான் அந்தப் பூட்ட விட முடியும், இன்னொரு திரெட் வந்து விட முடியாது. கைகாட்டிக்கு ஓனர் கிடையாது, உள்ள இருக்கிறது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். ஜாவா 5ல, 2004ல, இதுக்குன்னு ஒரு கிளாஸே வந்துச்சு. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் 10 தான் இருக்கு, திரெட் 50 இருக்குன்னா 10ன்னு குடுத்து ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கணும், ஒவ்வொரு திரெட்டும் உள்ள போக அனுமதி கேட்டு அக்வயர் கூப்பிடும்போது எண்ணிக்கையில ஒண்ணு குறையும், 0 ஆனதும் அடுத்து வர்றது காத்திருக்கும், யாராவது அனுமதிய திருப்பிக் குடுக்க ரிலீஸ் கூப்பிட்டா ஒண்ணு கூடும், காத்திருக்கிறதுல ஒண்ணு உள்ள போகும். ரிலீஸ எந்த திரெட் வேணாலும் கூப்பிடலாம். 1ன்னு குடுத்தாக் கூட இது பூட்டு ஆகாது, ஒரே திரெட் ரிலீஸ் பண்ணாம ரெண்டு தடவ அக்வயர் கூப்பிட்டா தனக்காகவே காத்துட்டு நிக்கும், சின்க்ரனைஸ்டுல அந்தத் தொல்லை வராது.

சிக்னலா பாத்தா இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கு. ஜாவால பூட்டோட வர்ற வெயிட் (திரெட்ட காத்திருக்க வைக்கிறது), நோட்டிஃபை (காத்திருக்கிறத எழுப்புறது) ரெண்டையும் எடுத்துக்குங்க, வெயிட் பண்ற திரெட் எதுவும் இல்லாதப்போ நோட்டிஃபை கூப்பிட்டா அந்த சிக்னல் காத்தோட போயிடும், அப்புறம் வெயிட்டுக்கு வர்ற திரெட் யாரும் எழுப்பாம அப்படியே கிடக்கும், அதனாலதான் வைல் (while) லூப்புக்குள்ள கண்டிஷன சரிபாத்துட்டு வெயிட் போடச் சொல்றாங்க. கைகாட்டியில ரிலீஸ் முன்னாடியே வந்துட்டாலும் எண்ணிக்கையில நிக்கும், பின்னாடி வர்ற திரெட் அத எடுத்துட்டு நிக்காம போயிடும். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பொருத்தமா படறதுக்கு இதுதான் காரணம், இறங்கின கை வண்டி வர்ற வரைக்கும் இறங்கியேதான இருக்கும்.

பைனரி செமஃபோர (எண்ணிக்கை 0, 1 மட்டும்) இரும கைகாட்டின்னும், கவுண்டிங் செமஃபோர (எண்ணிக்கை அதுக்கு மேலயும் போகும்) எண்ணும் கைகாட்டின்னும் எழுதலாம். அக்வயருக்கு அனுமதி எடு, ரிலீஸுக்கு அனுமதி விடு.