ஹீத்ரோவில் மட்டும் ஏன் திக்குகிறது விமானம்?

“கையிலிருந்த பணத்தில் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டிலேயே போட்டேன். 35,000 அடி உயரத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. லண்டன் ஹீத்ரோவில் இறங்கும்போது மட்டும் படம் திக்கித் திணறுகிறது. இன்னும் பெரிய கார்டு வாங்க வேண்டுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் ஓட்டுவது கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். வைத்திருப்பது ரைசன் 5 3600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு, 1080பி திரை.

வேண்டாம். கார்டு பாவம், அது சும்மா உட்கார்ந்திருக்கிறது.

விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து 60 படங்கள், வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அதற்குள் பிராசசர் இறக்கைமேல் காற்று தரும் விசையைக் கணக்கிட வேண்டும், காக்பிட் திரைகளைப் புதுப்பிக்க வேண்டும், சுற்றியுள்ள விமானங்களை நகர்த்த வேண்டும், எந்தக் கட்டடமெல்லாம் கண்ணில் படும் என்று பார்த்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கார்டிடம் கொடுக்க வேண்டும். கார்டு வரையும். இருவரில் யார் தாமதமோ அவர் வேகம்தான் நம் வேகம். உயரத்தில் பட்டியல் சின்னது. ஹீத்ரோவிலோ முனையங்கள், வண்டிகள், வரிசையில் நிற்கும் விமானங்கள், பக்கத்திலேயே லண்டன் மாநகரம்.

பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கோர். அப்படியானால் 16 கோர் பிராசசர் வாங்கிவிடலாமா? அதுவும் உதவாது. இந்த வேலைகளில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். விமானம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஜன்னலில் என்ன தெரியும் என்று சொல்ல முடியாது. மெயின் த்ரெட் எனப்படும் அந்த ஒற்றை வரிசை ஒரே கோரில் ஓடும். வரிசையாகச் செய்தே தீரவேண்டிய பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார்.

சரி, அந்த ஒரு கோர் வேகமாக ஓடினால் போதுமே, கிகாஹெர்ட்ஸைப் பார்த்து வாங்கலாமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது.

4.5 கிகாஹெர்ட்ஸ் கோர் விநாடிக்கு 450 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிக்கொள்வோம். அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கையருகே வைத்திருக்க பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்தான் கேஷ். கோரை ஒட்டியுள்ள எல்1 கேஷில் இருக்கும் தகவல் நான்கைந்து விநாடியில் கைக்கு வரும். சற்றுத் தள்ளியிருக்கும் எல்3 கேஷிலிருந்து வர முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். பிராசசருக்கு வெளியே இருக்கும் பெரிய நினைவகமான ரேமிலிருந்து வர வேண்டுமானால்? ஏறக்குறைய 80 நானோ விநாடி, அதாவது ஆறு நிமிடம். பிராசசர் முன்கூட்டியே ஊகித்து வேறு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், ஆறு நிமிடத்தை நிரப்பும் அளவுக்கு வேலை எப்போதும் இருப்பதில்லை. காத்திருக்கும் கோர் 4.5-ல் காத்திருந்தால் என்ன, 5.5-ல் காத்திருந்தால் என்ன?

கேஷின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் வரும் எளிய கேஷ் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் 32 மெகாபைட் கொள்ளும். நிறைந்துவிட்டால், தொட்டு அதிக நேரமானதை வெளியே தள்ளும். சிமுலேட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் 40 மெகாபைட் தகவலை அதே வரிசையில் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 33-ஆவது மெகாபைட் உள்ளே வரும்போது 1-ஆவது வெளியே போகும். 34 வந்தால் 2 போகும். ஃபிரேம் முடியும்போது கேஷில் இருப்பது 9 முதல் 40 வரை. அடுத்த ஃபிரேம் முதலில் கேட்பது 1-ஐ! அதை ரேமிலிருந்து எடுத்துவர 9-ஐ வெளியே தள்ள வேண்டும். 9-ஐக் கேட்கும்போது அதுவும் இருக்காது. ஐந்தில் நான்கு பங்காவது கேஷில் கிடைக்கும் என்றுதானே தோன்றும்? ஒன்றுகூடக் கிடைக்காது. அதே கேஷ் 40 மெகாபைட்டாக இருந்திருந்தால் எல்லாமே கிடைத்திருக்கும். நிஜக் கேஷ்கள் இதைவிடச் சமர்த்தானவை, இத்தனை மோசமாகச் சரியாது. ஆனால் ஓரளவு போதாமல் இருப்பதற்கும் போதுவதற்கும் நடுவே இப்படியொரு பள்ளம் இருப்பது உண்மை.

வாசகரின் 3600-இல் எல்3 மொத்தம் 32 மெகாபைட். அதுவும் 16, 16 என்று இரண்டாகப் பிரிந்தது. 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் 96 மெகாபைட். கேஷில் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் வேண்டும். கூடுதலான 64 மெகாபைட்டுக்கு மட்டும் 320 கோடிக்கு மேல். அதைப் பக்கவாட்டில் பரப்பினால் தூரம் கூடி, கேஷ் மந்தமாகிவிடும். அதனால் மேலே அடுக்கினார்கள்: மெல்லியதாகச் சீவிய இன்னொரு சில்லு, நடுவில் சாலிடரே இல்லாமல் செம்போடு செம்பாக ஒட்டியது. மேல்மாடிக்குப் போய்வர சில துடிப்புகளே அதிகம். வெப்பம் வெளியேற மாடி தடையாக இருந்ததால் உச்ச வேகத்தை 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள். அப்படியும் சிமுலேட்டரில் அதன் வேகமான அண்ணன் 5800எக்ஸை முந்தியது. 2024-இல் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களுக்குக் கீழே போட்டு வெப்பத் தொல்லையையும் பெருமளவு தீர்த்துவிட்டார்கள். வீடியோ எடிட்டிங் போல, தகவல் ஒருமுறை வந்து போய்விடும் வேலைகளுக்கு இந்த மாடியால் பெரிய லாபமில்லை. அதற்காக யாரும் வாங்க வேண்டாம்.

கேஷ் என்ற யோசனையை 1965-இல் ஒரு சிறு கட்டுரையில் எழுதியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ். பிற்காலத்தில் வீட்டு மேசையில் விமானம் ஓட்ட உதவும் என்று அவர் நிதி விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியாது. ‘உடனடிப் பயன் என்ன?’ என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக்குழுக்களை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமுலேட்டர் உலகில் மூடநம்பிக்கைக்கும் குறைவில்லை. அமைப்புக் கோப்பில் இந்த வரியை மாற்று, அந்த எண்ணைக் கூட்டு என்பார்கள். மாற்றிவிட்டு வேறு வானிலையில், வேறு விமான நிலையத்தில் பறந்துபார்த்து “நல்ல முன்னேற்றம்” என்பார்கள். உண்மையான சோதனைக்குக் காசே வேண்டாம். ஹீத்ரோவில் ஒரே இடத்தில், ஒரே நேரம், ஒரே வானிலையில் விமானத்தை நிறுத்துங்கள். கார்டு எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும் என்று தீர்மானிக்கும் ரெண்டர் ஸ்கேலிங்கைப் பாதியாகக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் நின்றால் பிராசசர். 4கே திரை வைத்திருப்பவருக்கு விடை மாறலாம். 1080பி-யில் சுமார் 21 லட்சம் புள்ளிகள், 4கே-யில் 83 லட்சம். அங்கே கார்டுக்குத்தான் வேர்க்கும்.

மற்றவை சுருக்கமாக. 2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் ரேம் 32 ஜிபி, அதைக் குறைக்காதீர்கள். நிலப்பரப்பு இணையம் வழியாக வந்துகொண்டே இருப்பதால் நல்ல இணைப்பு வேண்டும். என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இருந்தால் சீக்கிரம் திறக்கும், பறக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. 4070 கார்டில் ஃபிரேம் ஜெனரேஷன் உண்டு; இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே ஒன்றை ஊகித்து வரைந்துவிடும். படம் சீராகத் தெரியும், ஆனால் கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்தால் விமானம் பதில் சொல்லும் வேகம் கூடாது. பயணிகள் விமானத்துக்கு அது பரவாயில்லை. நிலையாக 40 ஃபிரேம் வந்தால் நான் திருப்தியாகத் தரையிறங்குவேன்.

வாசகரிடம் இருக்கும் மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம் ஏஎம்4 வகை. அதே போர்டில் 5800எக்ஸ்3டி-யோ, அதைவிடச் சற்று மெதுவான 5700எக்ஸ்3டி-யோ உட்காரும். கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம். போர்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்தச் சில்லின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும் வேலையைப் பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால் அதைத் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.