தகவல் அறியும் உரிமை: காரணம் கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்

புதிதாகப் போட்ட தெருச் சாலை முதல் மழைக்கே பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘ஏன் இவ்வளவு மட்டமாகப் போட்டீர்கள்?’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பினால், ‘தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரிப் பதில் வரும். எரிச்சலூட்டும் பதில்தான். ஆனால் பெரும்பாலும் சட்டப்படி சரியான பதில். 2005ஆம் ஆண்டுச் சட்டம், கோப்பு, பதிவேடு, சுற்றறிக்கை, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி என்று அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தகவல் என்கிறது. பதிவில் இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித்தரும் கடமை, மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் சொல்லிவிட்டது. (தேர்வு எழுதியவர் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.)

ஆகவே அந்தச் சாலைக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். இவற்றில் அளவுப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் கையொப்பமிட்ட பதிவு அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலையை அளந்து பார்த்தால், எந்த அதிகாரியும் எழுதித்தராத விடை கிடைத்துவிடும். பணியைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைப் பெறவும்கூட 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

ராஜஸ்தானில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் பிடித்த வழியும் இதுவே. அரசுப் பணிகளில் வேலைக்கு வந்தோர் பதிவேட்டை ஊரார் முன்னிலையில் வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. இன்றைய சட்டத்துக்கு வித்திட்ட போராட்டங்களில் அது முதன்மையானது. தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மலிந்திருந்ததால் அதனால் பெரிய பயன் விளையவில்லை.

மனுவை வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர் அல்லது இணையவழி. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதைச் சொல்லும் 6(2) பிரிவுதான். அலுவலகத்தில் யாராவது காரணம் கேட்டால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், அவர்களே 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

பதிலுக்குக் கெடு 30 நாள். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

மறுப்பதானால் எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறோம் என்று அலுவலர் எழுதியாக வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது பதிலே அல்ல. நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம், விசாரணைக்கு இடையூறு போன்ற விலக்குகள் 8(1) பிரிவில் உள்ளன. தனிநபர் விவரம் குறித்த 8(1)(ஜே) பிரிவை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது. பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் அதில் போய்விட்டது. வருந்தத்தக்க மாற்றம் என்பேன். ஆனாலும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதென்றால் விலக்குக்கு உட்பட்டதையும் தரலாம். மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டி வாதிடுங்கள்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். முடிவு சொல்ல அவருக்கு 30 நாள், மிஞ்சினால் 45 நாள். அங்கும் பலன் இல்லையென்றால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். அது அரசுக்குப் போகும் பணம். உங்களுக்கு இழப்பு நேர்ந்திருந்தால் இழப்பீட்டைத் தனியாகக் கோர வேண்டும். ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், மனுவின் நகல், அஞ்சல் ரசீது, பதில் வந்த உறை ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.