சேத்துக்குள்ள நெல்லு வேர் எப்படி மூச்சு விடுது, போட்ட யூரியா எங்க போகுது?

மன்னார்குடி பக்கம் தாளடி, அதான் ரெண்டாம் போக நெல்லு, நட்டிருக்கிற ஒருத்தர் கேட்டிருந்தார், யூரியாவைத் தண்ணி நிக்கும்போதே வீசலாமா இல்ல வடிச்சுட்டுத்தான் வீசணுமா, அவங்க அப்பா வடிக்கச் சொல்றாரு, பக்கத்து வயல்காரர் நிக்கிற தண்ணியிலயே வீசுறாரு, ரெண்டு வயலும் பச்சையாத்தான் இருக்குன்னு. அப்பா சொல்றதுதான் சரி. ஏன்னு சொல்லணும்னா வேர் வரைக்கும் போகணும், எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

முதல்ல பள்ளிக்கூடத்துல படிச்சதை வேகமா முடிச்சுடலாம். 45 கிலோ யூரியா மூட்டையில 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20 கிலோ 700 கிராம். மண்ணுல இருக்கிற யூரியேஸ்ங்கிற நொதி அதை ஒருசில நாள்லயே அமோனியமா உடைச்சுடும். அமோனியத்துக்கு பாசிட்டிவ் மின்னூட்டம், நம்ம டெல்டா களிமண்ணுக்கு நெகட்டிவ், அதனால ரெண்டும் ஒட்டிக்கும். ஆக சேத்துக்குள்ள போயிட்டா சத்து பத்திரம், மேல நிக்கிற தண்ணியிலயே தங்கிட்டாத்தான் வம்பு.

நட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது, பயிர் இன்னும் மூடலை, தண்ணி மேல வெயில் நேரா விழுதுன்னு வைங்க. தண்ணியில இருக்கிற பாசி அந்த வெயில்ல ஒளிச்சேர்க்கை பண்ணி கரைஞ்சிருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிடும், அப்போ தண்ணியோட காரத்தன்மை ஏறும். அதை அளக்கிற எண்தான் பிஹெச், காலையில பிஹெச் 7 கிட்ட இருந்த தண்ணி உச்சி வெயில்ல 9-ஐத் தாண்டலாம். பிஹெச் 7-ல அமோனியத்துல நூத்துல ஒரு பங்குகூட வாயுவா மாறாது, 9.25 வந்தா பாதிக்குப் பாதி அமோனியா வாயுவா மாறி காத்தோட போக ஆரம்பிச்சுடும், சூடு கூடினா இன்னும் அதிகம். காசு குடுத்து வாங்கின உரம் பகல் ரெண்டு மணிக்குக் கண்ணுக்குத் தெரியாம வானத்துக்குப் போகுது.

கீழயும் ஒரு ஓட்டை இருக்கு. சேத்தோட மேல்பரப்புல சில மில்லிமீட்டர் மட்டும்தான் ஆக்சிஜன் இருக்கும், அங்க பாக்டீரியா அமோனியத்தை நைட்ரேட்டா மாத்தும், அந்த நைட்ரேட் களிமண்ணுல ஒட்டாம கீழ இறங்கும். ஆக்சிஜன் இல்லாத அந்தக் கீழ் சேத்துல வேற பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாவும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாவும் ஆக்கி வெளிய விட்டுடும். ஆசிய நெல் வயல்கள்ல போடுற தழைச்சத்துல சுமாரா மூணுல ஒரு பங்குதான் பயிருக்குப் போய்ச் சேருதுன்னு சொல்றாங்களே, அதுக்கு இந்த ரெண்டு ஓட்டையும் பெரிய காரணம்.

அதனாலதான் வடிச்சுட்டு, மண்ணு ஈரமா இருக்கும்போது வீசி, மறுநாள் தண்ணி கட்டச் சொல்றது. உடையாத யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது, தண்ணியோட சேந்து சேத்துக்குள்ள இறங்கிடும்.

சரி, இறங்கினதை வேர் எப்படி எடுக்குது? நட்டு ஒரு மாசம் ஆன குத்து ஒண்ணைப் பிடுங்கி வாய்க்கால்ல அலசிப் பாருங்க, பழைய வேரெல்லாம் செம்பழுப்பா இருக்கும், நுனி மட்டும் வெள்ளையா இருக்கும். அந்தச் செம்பழுப்பு அலசினா போகாது, அது நிஜமாவே இரும்புத் துரு. காத்தே இல்லாத சேத்துல இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்? காத்தைக் கொண்டுவந்ததே அந்தச் செடிதான்! இலையிலேர்ந்து தாள் வழியா வேர் நுனி வரைக்கும் உள்ள காத்துப் பாதை ஓடுது. வேரைக் குறுக்க பிளேடால சீவி லென்ஸ்ல பாத்தா வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி தெரியும், ஆரக்கால்களுக்கு இடையில எல்லாம் காத்து நிக்கிற காலி இடம். அந்த இடத்துல இருந்த செல்லுங்க தானாவே செத்து வழி விட்டிருக்கு. வர்ற வழியிலயே ஆக்சிஜன் கசிஞ்சு வீணாகிடக் கூடாதுன்னு வேரோட மேல்பகுதிச் சுவர்ல சுபரின், அதான் கார்க்குல இருக்கிற அதே பொருள், அதைப் பூசி அடைச்சு வச்சிருக்கு, நுனிப் பக்கம் மட்டும் திறந்து விட்டிருக்கு. எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீராது.

உளுந்துக்கு இந்த வசதி இல்ல, அதான் தை மாசம் மழை பெஞ்சு ரெண்டு நாள் தண்ணி தேங்கினாலே மஞ்சளாகி சாயுது.

கசியுற அந்த ஆக்சிஜனால வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு தனி உலகமே உண்டாகுது. சேத்துல கரைஞ்சு கிடக்கிற இரும்பு அளவுக்கு மீறி உள்ள போனா விஷம், அது வேர்கிட்ட வந்ததும் துருவாகி வெளியவே நின்னுடும். அமோனியத்தை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியாவும் அங்க குடியிருக்கு, அதனால நெல்லு அமோனியத்தோட நைட்ரேட்டையும் எடுத்துக்குது. உள்ள போன அமோனியத்தை அப்படியே வச்சிருந்தா செடிக்கே கெடுதல், அதனால வேர் உடனே குளூட்டமின்ங்கிற அமினோ அமிலமா மாத்தி மேல அனுப்புது, அதுலேர்ந்துதான் பச்சையமும் புரதமும் வருது, கதிர் வந்தப்புறம் இலையில இருந்த சத்து இறங்கி மணிக்குப் போகுது. பிடுங்கின வேர் துரு நிறமா இல்லாம கறுப்பா, அழுகின முட்டை நாத்தம் அடிச்சா அங்க ஆக்சிஜன் தோத்துப்போச்சுன்னு அர்த்தம், மூட்டை மூட்டையா யூரியா போட்டாலும் அந்த வேரால எடுக்க முடியாது, முதல்ல தண்ணியை வடிச்சு வயலைக் காய விடணும்.

ஆடுதுறையில 1922-லேர்ந்து நெல் ஆராய்ச்சி நடக்குது, டெல்டா சோறு போடுறதுல அங்கேர்ந்து வந்த ரகங்களுக்கும் பங்கு இருக்கு, ஆனா நாடு முழுக்கப் பாத்தா புது ரகத்துக்குக் கிடைக்கிற பணமும் கவனமும் வேருக்கும் மண்ணுக்கும் கிடைக்கிறதில்ல. தோண்டி எடுத்து அலசி அளக்கிற வேலை அது, மெதுவாத்தான் நடக்கும், அதுக்குன்னு தனியா நிதி ஒதுக்கணும்ங்கிறது என் கருத்து.

எப்போ போடுறதுங்கிறதும் முக்கியம். நட்ட புதுசுல வேர் சின்னது, வெயில் தண்ணி மேல விழுது, அப்போ அள்ளிப் போட்டா நிறையக் காத்துக்குத்தான் போகும். பஞ்சு கட்டுற சமயத்துல, அதாவது தண்டுக்குள்ள கதிர் உருவாகத் தொடங்குறப்போ, பயிர் மூடி தண்ணி நிழலாயிடும், வேர் பரவிடும், போட்டதைச் சில நாள்லயே இழுத்துக்கும். பக்கத்து வயல் பச்சையைப் பாத்துப் போடாம இலை வண்ண அட்டையை, அதாவது எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டையை, இலை பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, பெரும்பாலான ரகத்துக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3, அதுக்குக் கீழ போனா மட்டும் போடுங்க.

மஞ்சளானதெல்லாம் தழைச்சத்துக் குறையும் இல்ல. தழைச்சத்து இடம் மாறிப் போகும், குறைஞ்சா செடி பழைய இலையிலேர்ந்து உருவி புது இலைக்குக் கொடுக்கும், அதனால அடியிலை முதல்ல மஞ்சளாகும். கந்தகமும் இரும்பும் அப்படி எளிசா நகராது, குறைஞ்சா குருத்துதான் முதல்ல வெளுக்கும். நட்டு ரெண்டு மூணு வாரத்துல திட்டுத் திட்டா பயிர் குட்டையாகி அடியிலையில துருப் புள்ளி விழுந்தா பெரும்பாலும் துத்தநாகக் குறை. இதுக்குத்தான் கண்ணு பட்டுருச்சுன்னு பூசணிக்காய் சுத்தி உடைச்சுட்டு பத்து நாள் காத்திருக்கிறாங்க, அந்தப் பத்து நாள்ல தூர் கட்டுற, அதாவது பக்கக் கிளைகள் வெடிக்கிற, பருவத்துல முக்கியமான நாளெல்லாம் போயிடுது. தண்ணி கட்டின மண்ணுல துத்தநாகம் கரையாம முடங்கிடும், அதனால நடவுக்கு முன்னாடியே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து, பரம்படிச்ச சேத்து மேல வீசிடணும், டிஏபி உரத்தோட சேக்காம தனியா வீசுங்க, சேத்தா துத்தநாகமும் டிஏபியில இருக்கிற மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு ரெண்டுமே கரையாமப் போயிடும்.