வேகத்தடை கேட்டு மறியலில் அமர்வதற்கு முன்

தக்கலைக்கு அருகே ஒரு கிளைச்சாலையில், மறியல் நடந்த மறுநாள் இரவே கொட்டப்பட்ட தார்மேட்டில் ஸ்கூட்டருடன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெண்மணியின் கோப்பு அண்மையில் என் மேசைக்கு வந்தது. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை செய்யும், அதாவது சாலையின் அமைப்பில் விபத்துக்கு வழியிருக்கிறதா என்று ஆராயும் பொறியாளனுக்கு இது புதிய கதையன்று. ஆனால் இம்முறை பொறுக்க முடியவில்லை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், வளைந்து ஏறி இறங்க வேண்டும். அங்கே இருந்ததோ அரை மீட்டர்கூட அகலமில்லாத ஒரு திட்டு. வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை, மேலே ரப்பர் மரங்களின் நிழல் வேறு.

"கமிட்டியில் பாஸ் ஆன வேலைதானே சார்" என்றார்கள் ஊர்க்காரர்கள். என்னை மிகவும் எரிச்சலூட்டும் தவறான எண்ணம் இதுதான். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு பரிந்துரைக்கும், அவ்வளவே. பணம் சாலைக்கு உரிய துறையிடம் இருக்கிறது. களியக்காவிளையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை ஒரு துறைக்கும், அதில் வந்து சேரும் மாவட்டச் சாலை வேறொரு துறைக்கும், எதிரே இறங்கும் தெரு பேரூராட்சிக்கும் உரியதாக இருந்தால், ஒரு சந்திப்பில் மின்விளக்கு அமைக்கும் பரிந்துரை மூன்று அலுவலகங்களைச் சுற்றிவிட்டுக் கூட்டக்குறிப்பிலேயே தங்கிவிடும். ஆட்சியர் தலைமையிலான அக்குழுவில் சாலையைப் போட்ட துறையின் பொறியாளரும் உறுப்பினர். தம் வளைவு பிழையென்று தாமே எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

வெளியாள் கேட்டால்தான் கோப்பு நகரும். கோவை எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், முன்னாள் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றக் குழு 2014-இல் அமைந்து, மாநிலங்களிடம் அறிக்கை கேட்டு நெருக்கியது. மாவட்டக் குழுக்களை அமைக்கச் சொன்னதும் அவ்வழக்கின் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பே. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்லும் தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியத்தின் பணியும் ஆலோசனை கூறுவதுதான்.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்றாண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் பதிவானால்தான் அது விபத்துக் கரும்புள்ளியாகும். நிதியும் அந்தக் கணக்கைப் பார்த்தே வரும். நீங்களோ டாரஸ் லாரிக்காரரிடம் ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக்கொண்டு பேசி முடித்துவிடுகிறீர்கள். காவல் நிலையத்தில் பதிவாகாத விபத்து அரசின் கணக்கில் நடக்கவே இல்லை. தயவுசெய்து புகார் கொடுங்கள்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகம் போகும்போது வேகத்தடை வேண்டும் என்று எழுதாதீர்கள். மருந்தை நோயாளி எழுதக்கூடாது. தணிக்கை வேண்டும் என்று எழுதுங்கள். ஏற்கெனவே தணிக்கை நடந்திருந்தால், எந்தப் பரிந்துரை ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்று 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில், சாலைக்கு உரிய துறையிடமே கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்காக மறுபடியும் சாலையில் போய் உட்காராதீர்கள்.