ரிமோட்டில் 24 என்று இருந்தும் ஏன் வியர்க்கிறது?

மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு மதியம் மூன்று மணிக்கு வியர்க்கும். அதே அறையில் ஏசி காற்று நேராக விழும் இடத்தில் இருப்பவர் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வார். தெர்மோஸ்டாட் 24 டிகிரி என்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அது காற்றின் சூட்டை மட்டும்தான் சொல்கிறது. நம் உடம்பு பார்க்கிற கணக்கில் உள்ள ஆறு விஷயங்களில் அது ஒன்றுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. வியர்க்காமல், நடுங்காமல் அந்த வெப்பம் உண்டாகிற வேகத்திலேயே வெளியேறினால் நமக்கு எதுவும் உறைப்பதில்லை. காற்றின் வெப்பநிலை, சுவரும் கண்ணாடியும் கூரையும் வீசுகிற சூடு, காற்றோட்டம், ஈரப்பதம் என நான்கு விஷயங்கள் அறையைச் சேர்ந்தவை. உடையும் செய்கிற வேலையும் நம்மைச் சேர்ந்தவை.

கண்ணாடி ஓரத்து ஆளின் சங்கடம் இரண்டாவதில் இருக்கிறது. காற்று அதிகம் அசையாத அறையில் உடம்பு உணர்வது, காற்றின் சூட்டுக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சூட்டுக்கும் ஏறக்குறைய நடுவே இருக்கும். காற்று 24, பரப்புகளின் சராசரி 30 என்றால் அவருக்கு அது 27. நேர் வெயிலும் மேலே விழுந்தால் இன்னும் அதிகம்.

இந்த ஆறையும் ஒரே சமன்பாட்டில் கட்டியவர் டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர். 1970இல் வெளிவந்த அவருடைய மாதிரி, குளிர்கிறதா வெக்கையாக இருக்கிறதா என்று ஆய்வறையில் சுமார் 1,300 பேர் சொன்ன பதில்களை வைத்து உருவானது. விடை ஒரே எண்: கடுங்குளிருக்கு −3, கடும் வெக்கைக்கு +3, நடுவில் பூஜ்யம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதன் நேர்மை. சரியாகப் பூஜ்யம் வந்தாலும் 100இல் 5 பேருக்குப் பிடிக்காது என்று அந்தக் கணக்கே சொல்கிறது.

ஆனால் ஆய்வறையில் இருப்பவர் ஜன்னலைத் திறக்க முடியாது. 1998இல் டி டியர், பிரேகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 160 கட்டடங்களில் திரட்டிய சுமார் 21,000 பதில்களை அலசினார்கள். ஜன்னல் திறந்து காற்று வாங்கும் கட்டடங்களில், வெளியே வெயில் ஏற ஏற, உள்ளேயும் கூடுதல் சூடு மக்களுக்கு ஒத்துப்போனது. ஃபாங்கரின் மாதிரி சொன்னதைவிட அது அதிகம். அப்புறம் அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் கேட்டு, நம் நாட்டுக்கென ஒரு மாதிரியை உருவாக்கியது. குளிர்நாட்டு அளவை நம் தலையில் கட்டாமல் இருக்க இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

சரி, கண்ணாடி ஓரத்து ஆளுக்கு என்ன செய்வது? ரிமோட்டை 20க்கு இறக்கினால் துப்பட்டாக்காரர்தான் விறைப்பார். வெயிலை மறைக்க வெளிப்பக்கம் ஒரு தட்டி, மேசைமேல் ஒரு சின்ன ஃபேன் போதும். மெல்லிய காற்று மேலே பட்டாலே இரண்டு டிகிரி குறைந்தது போலிருக்கும், அதுவும் அவருக்கு மட்டும்.