சர்வைவல்: சொல்லும் அதன் தமிழும்

ஆள் அரவமில்லாத இடத்தில் ஒரு பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளும். விமானம் விழுந்திருக்கும், படகு கவிழ்ந்திருக்கும், இல்லையென்றால் முகாமுக்குப் போன இடத்தில் வழி தப்பியிருக்கும். கையில் ஒரு கத்தியோ கோடரியோ இருந்தால் அதிர்ஷ்டம். வில்லன் என்று தனியாக யாரும் வேண்டாம். பசியும் மழையும் இருட்டும் போதும். இந்த வகைக் கதைக்குத்தான் சர்வைவல் நாவல் என்று பெயர்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான ரப்பர் தோட்டப்புறப் பட்டணத்துப் பிள்ளைகள் இதை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் பேசும்போதும் ‘சர்வைவல் கதை’ என்றே சொல்கிறார்கள். சாரணர் முகாமில் அதையே மலாயில் ‘இக்தியார் ஹிடுப்’ என்று கற்றுக்கொடுக்கிறார்கள். சரி, தமிழில் என்ன என்று கேட்டால் வாத்தியாரும் கொஞ்சம் யோசிப்பார்.

சர்வைவல் இலத்தீன் வழி வந்த சொல். சூப்பர் என்றால் மேலே, அப்பால். விவெரே என்றால் வாழ்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்னொருவர் போன பிறகும் வாழ்ந்திருப்பது என்ற பொருள் அதில் உண்டு. கணவன் இறந்து மனைவி இருந்தால் அவள் ‘சர்வைவ்’ செய்கிறாள் என்று உயில் பத்திரங்களில் இன்றும் எழுதுகிறார்கள். மலாய்ச் சொல்லின் போக்கு வேறு. இக்தியார் அரபிலிருந்து வந்தது. அங்கே ‘தேர்வு’ என்று பொருள், மலாயில் முயற்சி, வழி தேடுதல். வாழ வழி தேடுவது! இந்தக் கதைகளுக்கு ஆங்கிலச் சொல்லைவிட இதுதான் பொருத்தம் என்பேன்.

கதை வகைக்கு மூலம் 1719இல் டேனியல் டீஃபோ எழுதிய ‘ராபின்சன் குருசோ’. அதற்கு முன்பே நிஜத்தில் ஒருவன் அப்படி வாழ்ந்திருந்தான். அலெக்சாண்டர் செல்கர்க் என்ற மாலுமி, கப்பல் பழுதாகிக் கிடக்கிறது என்று கேப்டனோடு சண்டை போட்டு, 1704இல் பசிபிக் தீவு ஒன்றில் இறங்கிக்கொண்டான். 1709இல்தான் மீட்டார்கள். துணி கிழிந்ததும் ஆணியை ஊசியாக்கி ஆட்டுத்தோலில் சட்டை தைத்துக்கொண்டான். தூங்கும்போது எலி கடிக்காமலிருக்கப் பூனைகளைப் பழக்கி வைத்திருந்தான். குருசோவைப் பார்த்து எழுதிய கதைகள் பெருகவே, 1731இல் ஷ்னாபெல் என்ற ஜெர்மன் எழுத்தாளர் அவற்றுக்கு ‘ராபின்சனாடே’ என்று பெயர் வைத்தார். பெரியவர்களுக்கான அந்த நாவல் பிள்ளைகள் பக்கம் வந்ததில் தத்துவஞானி ரூசோவுக்குப் பங்குண்டு. தான் கற்பனையில் வளர்க்கும் எமில் என்ற சிறுவன் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் இதுதான் என்று 1762இல் எழுதினார்.

இனி தமிழுக்கு வருவோம். ‘உயிர்வாழ்தல்’ சப்பென்று இருக்கிறது, எல்லாரும்தான் உயிர்வாழ்கிறோம். ‘தப்பிப்பிழைத்தல்’ ஓடுகிறவனுக்குப் பொருந்தும். இந்தக் கதைகளில் பிள்ளை ஓடுவதில்லை. இருக்கிற இடத்திலேயே தண்ணீர், கூரை, நெருப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொள்கிறது. ‘உய்வு’ நல்ல சொல். ‘உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அட்டையில் ‘உய்வு’ என்று போட்டால் பக்தி நூல் என்று நினைத்துவிடும்.

என் ஓட்டு ‘பிழைத்தல்’ பக்கம். இதற்குப் பழைய பொருள் தவறுதல். ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்ற குறளில் (772) பிழைத்தது வேல், அதாவது குறி தவறிய வேல். இன்றைய பேச்சில் சொன்னால் பிழைத்தது யானை! சாவின் குறி தவறினால் உயிர் பிழைக்கிறது. அப்புறம் அதே சொல் பிழைப்பு நடத்துவதற்கும் ஆகிவந்தது. பஞ்சம் பிழைக்க மலாயாவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் திரும்பியவர்களை ‘சயாம் போய்ப் பிழைத்து வந்தவர்’ என்றுதானே சொல்ல வரும்?

இந்த நாவல்களில் ஈர விறகில் நெருப்பு மூட்டப் பக்கம் பக்கமாகப் பாடுபடுவார்கள். நம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுப் பாட்டிகள் ஒட்டுப்பாலில், அதாவது மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பாலில், விரல் நீளம் கிழித்து, நுனியில் தீக்குச்சி வைத்து, அடுப்புக்குள் செருகிவிடுவார்கள். கரும்புகை கிளம்பும், நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஆனால் மழைநாள் விறகும் பிடித்துக்கொள்ளும். தமிழில் யாராவது இப்படி ஒரு நாவல் எழுதினால் இதை விட்டுவிடக் கூடாது.

ஆகவே கலைச்சொல்லாக ‘உயிர்பிழைப்புப் புதினம்’ இருக்கட்டும். வெறும் ‘பிழைப்பு’ என்றால் சம்பளப் பிரச்சினை மாதிரி ஒலிக்கும். பேச்சுக்குப் ‘பிழைத்த கதை’ போதும். கூடவே வரும் ‘அட்வென்ச்சர்’ என்பதற்குச் சாகசம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். வடசொல்தான், ‘சாகசக்காரி’ என்னும்போது பசப்பு என்ற பொருளும் எட்டிப் பார்க்கும். ‘துணிகரக் கதை’ தெளிவு. ‘வில்டர்னஸ்’ என்பதற்கு வெறுமனே ‘காடு’ என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் சரிவராது. தோட்டத்தில் ‘அப்பா காட்டுக்குப் போயிருக்கார்’ என்றால் பால் வெட்டப் போயிருக்கிறார், பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவார் என்று அர்த்தம். ‘பெருங்காடு’ என்று எழுதுங்கள்.